நாற்பத்தேழாம் நம்பர் திராட்சைக்குப் பேர் வைத்த கதை

கம்பம் பள்ளத்தாக்கில், மலையும் மேகமும் முட்டிக்கொள்ளும் மேற்கு ஓரத்தில் பந்தல்பட்டி இருக்கிறது. அந்த ஊரில் முட்டாள்கள் உண்டு என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பந்தல்பட்டிக்காரர்கள் அதை மறுத்ததில்லை. அவர்களிடம் யாரும் நேரில் கேட்டதில்லை.

ஊரில் வெள்ளைத் திராட்சை விவசாயிகள் சங்கம் என்று ஒன்று இருந்தது. தலைவர் ஒச்சப்பன், செயலாளர் வீரணன், பொருளாளர் தவசி. உறுப்பினர்கள் கிடையாது. மூன்று பதவிக்கு மூன்று பேர் சரியாகப் போய்விட்டதால் உறுப்பினருக்கு ஆள் மிஞ்சவில்லை. வெள்ளைத் திராட்சைத் தோட்டமும் ஒன்றே ஒன்றுதான். அது வீரணனுடையது.

ஊரே கறுப்புப் பன்னீர்த் திராட்சை போட்டுக்கொண்டிருந்தபோது, வீரணன் மட்டும் அந்தக் கொடிகளை வெட்டி எறிந்துவிட்டு, ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த புதுக் கொடியை நட்டார். அதற்குப் பேர் இல்லை. நாற்பத்தேழு என்று ஒரு நம்பர்தான். இந்த வருஷம்தான் முதல் காய்ப்பு. பந்தலுக்குக் கீழே குலைகள் பச்சை வெளுப்பில் கண்ணாடி மாதிரி தொங்கின.

முதல் கூடையைச் சந்தைக்குக் கொண்டுபோனார். கமிஷன் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "பழுத்ததும் கொண்டாங்க" என்றார்.

"பழுத்துருச்சுங்க."

"அப்புறம் ஏன் கறுக்கலை?"

வீரணனுக்கு இந்தக் கேள்வி நியாயமாகத்தான் பட்டது. திரும்பி வந்து பழம் கறுக்கட்டும் என்று காத்திருந்தார். அது கறுக்கவில்லை. இனித்துக்கொண்டே போனது. மேற்கே மேகமும் திரண்டுகொண்டே வந்தது. மழை விழுந்தால் பழுத்த பழம் வெடிக்கும். வெடித்தால் பந்தலோடு போச்சு. வீரணன் பழத்தை ஒரு தடவை பார்ப்பார், மேகத்தை ஒரு தடவை பார்ப்பார். கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

இந்தச் சமயத்தில்தான் ஒயின் கம்பெனி அதிகாரி நிவேதன் ஊருக்குள் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கூலிங் கிளாஸ். ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டார். கண்ணை மூடினார். திறந்தார்.

"பழம் பிரமாதம் ஐயா. மொத்தத்தையும் எடுத்துக்கிறோம். ஆனா நம்பரை ஒட்டி பாட்டிலை விக்க முடியாது. ஒரு பேர் வேணும்."

"பேரையா குடிக்கப் போறாக?" என்று தலைவர் ஒச்சப்பன் கேட்டார்.

"பேரைப் பாத்துத்தான் எடுக்கிறாங்க. வெளிநாட்டுல ஒரு வெள்ளைத் திராட்சை. அதோட பேரைச் சொல்றதுக்குள்ள தொண்டை கட்டிக்கும். சீந்துவார் இல்லை. பேரை மாத்தினாங்க. அதே கொடி, அதே பழம். இப்ப கடையில நிக்கிறதில்லை."

ஒச்சப்பன் யோசித்தார். "பேரை மாத்துனது அந்தப் பழத்துக்குத் தெரியுமா?"

நிவேதன் சிரித்தார். "அதுக்குத் தெரியணும்னு அவசியம் இல்லைங்க."

வெளிநாட்டுக்காரர்களின் பொறுப்பில்லாத்தனத்தை ஒச்சப்பன் மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

பேர் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் நிவேதன் சொல்லிவிட்டுப் போனார். அதில் மண்வாசனை இருக்க வேண்டும். கேட்டதும் நாக்கில் தண்ணீர் ஊற வேண்டும். இரண்டு கிளாஸ் உள்ளே போனவனுக்கும் குழறாமல் வர வேண்டும். கௌரவமான வீட்டுப் பெண்ணின் பேர் மாதிரி இருக்க வேண்டும். வேறு எந்தத் திராட்சைக்கும் அந்தப் பேர் இருக்கக் கூடாது.

"வெள்ளிக்கிழமை லாரியோட வர்றேன். பேர் ரெடியா இருந்தா பழத்தை ஏத்துவோம். இல்லாட்டி லாரி காலியாத்தான் திரும்பும்."

பந்தல்பட்டிக்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. சொன்னதைச் செய்வார்கள். சொன்னதற்கு மேலே ஒரு துரும்பும் அசைக்க மாட்டார்கள்.

மண்வாசனையில் ஆரம்பித்தார்கள். பொருளாளர் தவசிக்கு மூக்கு நீளம் என்பதால் அவரையே கொடியடியில் குப்புறப் படுக்க வைத்தார்கள். தவசி ஆழமாக இழுத்தார்.

"என்ன வாசனை மாப்ள?" என்றார் ஒச்சப்பன்.

"ஆட்டுப் புழுக்கை. போன வாரம் போட்டது."

"நல்லாப் பாரு. அடியில வேற ஏதாச்சும் இருக்கும்."

தவசி மறுபடி இழுத்தார். "அடியில பழைய ஆட்டுப் புழுக்கை."

சங்கத்துக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. 'ஆட்டுப் புழுக்கை' என்பதே முதல் பேராக முன்மொழியப்பட்டது. வீரணனுக்கு மட்டும் கொஞ்சம் நெருடியது. "வாசனை சரி. நாக்குல தண்ணி ஊறுதான்னு பாத்துருவோம்" என்றார்.

தவசி எழுந்து உட்கார்ந்து நாக்கை நீட்டினார். ஒச்சப்பன் பேரைச் சொல்ல வேண்டும், வீரணன் நாக்கைக் கவனிக்க வேண்டும் என்று ஏற்பாடு.

"ஆட்டுப் புழுக்கை."

"காயுது" என்றார் வீரணன்.

"முத்துச்சரம்."

"காயுது."

"வெள்ளிநிலா."

"அப்படியே இருக்கு."

"சட்டமன்றம்."

"இருந்ததும் போச்சு."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தவசி நாக்கை உள்ளே இழுக்க அனுமதி கேட்டார். கேட்பதற்கு நாக்கு தேவைப்பட்டதால் அவர் கேட்டது யாருக்கும் விளங்கவில்லை. அப்போது வீட்டுப் பக்கமிருந்து வீரணனின் மனைவி அங்குத்தாய் குரல் கொடுத்தாள். "கஞ்சி ஆறிப்போகுது, வாறீகளா இல்லையா? மாங்காய் ஊறுகாய் எடுத்து வைக்கட்டுமா?"

தவசியின் நாக்கு நுனியிலிருந்து சொட்டென்று ஒரு துளி மண்ணில் விழுந்தது.

மூன்று பேரும் அந்த ஈர இடத்தைப் பார்த்தார்கள்.

"தற்செயலா இருக்கலாம். இன்னொரு வாட்டி சொல்லு" என்றார் ஒச்சப்பன்.

"ஊறுகாய்" என்றார் வீரணன். இன்னொரு துளி விழுந்தது. வீரணனுக்கே ஊறிவிட்டது. ஒச்சப்பன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "தீர்மானம்" என்றார்.

அடுத்தது கிளாஸ். இதற்கு மோட்டார் ரூமில் பட்டப்பகலில் ஒரு கூட்டம் நடந்தது. தவசி கடைக்குப் போய் ஒரு குவார்ட்டர் வாங்கி வந்தார். சங்கத்தின் பொறுப்பை உத்தேசித்து ஒச்சப்பனே குடிக்க முன்வந்தார். இரண்டாவது கிளாஸுக்கு அப்புறம், மற்ற பேர்களையும் விட்டுவிடக் கூடாது என்று வரிசையாகச் சொல்ல வைத்தார்கள். முத்துச்சரம் புத்துச்சுரம் ஆனது. வெள்ளிநிலா எள்ளுப்புலாவ் ஆனது. சொந்தப் பேரைக் கேட்டதற்கு ஒச்சப்பன் அழுதார். ஆனால் 'ஊறுகாய்' மட்டும் செய்தி வாசிப்பவர் வாயிலிருந்து வருகிற மாதிரி மணிமணியாக வந்தது.

ஒருவரை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று தவசி மறுநாள் மதுக்கடைப் பக்கத்து பாருக்கே போய் ஒரு மூலையில் நின்று கேட்டுவிட்டு வந்தார்.

"மச்சான், அங்கன ஒருத்தன் விழுந்து கிடக்கான். பொண்டாட்டி பேர் தெரியலை, ஊர் தெரியலை. 'ஊறுகாய்'னு மட்டும் தெளிவாக் கேக்கான். இனி யாரை வேணும்னாலும் விசாரிச்சுக்கங்க."

வேறு எந்தத் திராட்சைக்கும் இந்தப் பேர் இல்லை என்பதையும் விசாரித்து உறுதி செய்துகொண்டார்கள். பாக்கி இருந்தது கௌரவமான வீட்டுப் பெண் விவகாரம். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. பின்னால் 'அம்மாள்' சேர்த்தார்கள்.

வீரணன் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். "ஊறுகாயம்மாள்."

அங்குத்தாய் முறத்தைக் கீழே வைத்தாள். "யாரு அது?"

"நம்ம திராட்சை."

"நல்லவேளை, நமக்குப் பொம்பளப் பிள்ளை பிறக்கலை" என்று சொல்லிவிட்டு அவள் முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

பேர் கிடைத்துவிட்டது. ஆனால் ஒச்சப்பனுக்கு அந்த வெளிநாட்டுச் சங்கதி உறுத்திக்கொண்டே இருந்தது. பேர் வைத்தது பேர் கொண்டவருக்கே தெரியாமல் போவதா? "முறைன்னு ஒண்ணு இருக்கு. காதுல மூணு தரம் சொல்லணும். தாய்மாமன் இருக்கணும். அப்பத்தான் பேர்" என்றார்.

"திராட்சைக்குத் தாய்மாமன் யாரு?" என்றார் வீரணன்.

இதை நிதானமாக அலசினார்கள். தாய் என்பது கொடி. கொடியின் பிறந்த வீடு ஆராய்ச்சி நிலையம். அங்கிருந்து அவளைக் கூட்டி வந்தது யார்? தவசி. தன் மொபெட்டில், ஈரச் சாக்கில் சுற்றி, பள்ளம் மேடு பார்த்து மெதுவாக ஓட்டி வந்தார். பிறந்த வீட்டிலிருந்து பொறுப்பாகக் கூட்டி வருகிறவன் கூடப்பிறந்தவன் அல்லாமல் வேறு யார்?

தவசிக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை.

புதன்கிழமை காலை பேர் வைக்கும் சடங்கு. தாய்மாமன் முதல் கொடிக்குப் பட்டுத்துணி சுற்றி, வளையல் மாட்டினார். எல்லாம் முறையாக நடந்தது. காதுக்கு வந்தபோதுதான் நின்றது.

"காது எங்கிட்டு இருக்கு?" என்றார் தவசி.

"காம்புப் பக்கம்தான் இருக்கும். தலைக்குப் பக்கத்துல" என்றார் ஒச்சப்பன்.

"குலைக்கு ஒரு காதா, பழத்துக்கு ஒரு காதா?"

ஒச்சப்பன் பந்தலை அண்ணாந்து பார்த்தார். வீரணன் மேகத்தை அண்ணாந்து பார்த்து, "குலைக்கு ஒண்ணுன்னு வச்சுக்கிருவோம் அண்ணே. ஒருத்தருக்கொருத்தர் ஒட்டித்தான இருக்காக, சொல்லிக்கிருவாக" என்றார்.

மைக் செட் வைக்கலாமா என்று தவசி கேட்டதற்கு, "மைக்ல சொன்னா அது ஊருக்குச் சொன்னது. காதுல சொன்னதா ஆகாது" என்று தலைவர் மறுத்துவிட்டார். எனவே ஆளுக்கொரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு, குலை குலையாக ஏறி இறங்கி, கையைக் குவித்து, "ஊறுகாயம்மாள், ஊறுகாயம்மாள், ஊறுகாயம்மாள்" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்தவர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மருந்தைத் தாங்கள்தான் அதிகமாகச் சுவாசித்துவிட்டோமோ என்று முகத்துணியை இறுக்கிக் கட்டினார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கடைசிக் குலைக்கும் பேர் சொல்லி முடித்தபோது மூவருக்கும் தொண்டை போய்விட்டது. வீரணன் ஒருமுறை தோட்டத்தைச் சுற்றி வந்தார். வெளுத்த குலைகள் வெயிலில் மின்னின. திடீரென்று அவருக்குப் பயம் வந்தது. "இம்புட்டுச் சிவப்பா இருக்குகளே. நாளைக்கு அந்நிய ஆளுக வர்றாக. கண்ணு பட்டுட்டா?"

அங்குத்தாயிடமிருந்து கண்மை வாங்கி வந்து, ஒவ்வொரு குலையிலும் கன்னம் என்று தோன்றிய இடத்தில் ஒரு பொட்டு வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை லாரி வந்தது. நிவேதன் குதித்து இறங்கிப் பந்தலுக்குள் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"என்ன நோய் இது? மொத்தத் தோட்டத்துலயும் பரவியிருக்கே!"

"திருஷ்டிப் பொட்டு தம்பி" என்றார் வீரணன், போன தொண்டையோடு. "தொடச்சா போயிரும்."

நிவேதன் ஒரு பழத்தைத் துடைத்தார். போனது. மூச்சு விட்டுவிட்டு, "பேர்?" என்றார்.

மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். நிவேதன் கூலிங் கிளாஸைக் கழற்றினார். தவசி காரணங்களைச் சொன்னார். வாசனையில் ஆரம்பித்து பாரில் விழுந்து கிடந்த ஆள் வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. நிவேதன் தான் போட்ட விதிகளை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திப் பார்த்தார். ஒன்றும் மீறப்படவில்லை. செல்போனை எடுத்துக்கொண்டு தூரமாகப் போய் மேலிடத்துக்குப் பேசினார். திரும்பி வந்தபோது ஓரளவு தெளிந்திருந்தார்.

"சரி. ஏத்துங்க."

யாரும் அசையவில்லை. தவசி லாரியின் குறுக்கே போய் நின்றார்.

"இன்னைக்கு என்ன கிழமை?" என்றார்.

"வெள்ளி."

"வெள்ளிக்கிழமை பொம்பளப் பிள்ளையை வீட்டை விட்டு அனுப்புறதில்லை."

"ஐயா, அது திராட்சை."

"புதன்கிழமை காலை வரைக்கும் திராட்சை" என்றார் ஒச்சப்பன். "நீங்கதான பேர் வைக்கச் சொன்னீக?"

வீரணன் அண்ணாந்து பார்த்தார். மேகம் மலையை விட்டு இறங்கி ஊர் எல்லைக்கு வந்திருந்தது. "தவசி, மாப்ள, மழை வருதுடா. ரெண்டு வருஷ உழைப்புடா" என்றார்.

"நான் தாய்மாமன். நீ பெத்த தகப்பன் மாதிரி பேசலை மச்சான்."

இது வீரணனை நேரே தாக்கியது. அதில் உண்மை இருப்பதாகவும் அவருக்குத் தோன்றியது. நிவேதன், "அப்ப நாளைக்கு?" என்றார். சனிக்கிழமை போனால் துணைக்கு இன்னொன்றையும் கூட்டிக்கொண்டு போகும் என்றார் ஒச்சப்பன். "ஞாயிறு?" ராகுகாலம் கழித்துத்தான் பேச வேண்டும் என்றார். "பிள்ளைக்குப் பேர் வச்சு முழுசா மூணு நாள்கூட ஆகலை. அதை அரைக்கிற எடத்துக்கு அனுப்பணும்ங்கிறீக" என்று தவசி துண்டால் கண்ணைத் துடைத்தார். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் பீடி பற்ற வைத்தார்.

முதல் இடி இடித்தது. இடி எப்போதும் வீரணனுக்கு மூளையைத் திறந்துவிடும்.

"அண்ணே, நாப்பத்தேழாம் நம்பரை வெள்ளிக்கிழமை அனுப்பலாமா?"

"நம்பரை எந்தக் கிழமையும் அனுப்பலாம்" என்றார் ஒச்சப்பன்.

"அப்பப் பழம் இன்னைக்கு நம்பரோட போகட்டும். ஊறுகாயம்மாள் இங்கனயே இருக்கட்டும். நாளும் கிழமையும் பாத்து, பின்னாடி பேரை மட்டும் தனியா அனுப்புவோம்."

பேர் மட்டும் போனால் சனி பாதிக்காது, ஏனென்றால் அதற்கு உடம்பு இல்லை என்று ஒச்சப்பன் தீர்ப்புச் சொன்னார். மாமன் தன் கையாலேயே கொண்டுபோவதாக இருந்தால் சம்மதம் என்றார் தவசி. நிவேதனைப் பார்த்தார்கள். அவர் கைகள் இரண்டையும் விரித்து, "எப்படி வேணும்னாலும் அனுப்புங்க. சாமி, பழத்தை ஏத்துங்க" என்றார்.

ஏற்றினார்கள். லாரி கடைசி வளைவைத் தாண்டியதும் மழை கொட்டியது. காலிப் பந்தலின் கீழே நனைந்துகொண்டு நின்ற வீரணன், இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மேகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

மறுநாள் தவசி வேட்டி துவைத்துக் கட்டி, பேரை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்தார். கண்டக்டர் வந்தார்.

"எனக்கு ஒண்ணு போதும். பிள்ளை பிறந்து மூணு நாள்தான்" என்றார் தவசி.

கண்டக்டர் காலி மடியைப் பார்த்தார். அந்த ரூட்டில் வெகுகாலம் ஓடியவர். ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டார்.

ஒயின் ஆலை வாசலில் நிவேதனே நின்றிருந்தார். "வாங்க. பழம் நேத்து ராத்திரியே அரைச்சாச்சு. தங்கமான சாறு. வீரணன் ஐயாகிட்டச் சொல்லுங்க, அடுத்த வருஷமும் எங்களுக்குத்தான்." பிறகு தயங்கி, "ஒண்ணு சொல்லணும்" என்றார். லேபிள் ஏற்கெனவே அச்சாகி வந்துவிட்டதாம். 'பனிமலைக் கன்னி'. ஆறு பெரியவர்கள் குளிர்சாதன அறையில் மூன்று மாதம் உட்கார்ந்து வைத்த பேர். விவசாயிகளையும் கலந்து பேசினோம் என்று காட்டுவதற்காகத்தான் இவரை ஊருக்கு அனுப்பியிருந்தார்கள்.

தவசி லேபிளை வாங்கிப் பார்த்தார். பனி மூடிய மலை. அதன் மேல் ஒரு வெள்ளைக்காரப் பெண். அந்த மலை பந்தல்பட்டியில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவர் யோசித்தார்.

நிவேதன், "கோபமா?" என்றார்.

"எதுக்குத் தம்பி? இது பள்ளிக்கூடத்துப் பேர். வீட்டுல கூப்பிடுற பேர் அது. எல்லாப் பிள்ளைக்கும் ரெண்டு உண்டுதான?" என்று சொல்லி மடியைத் தொட்டவர் அப்படியே நின்றுவிட்டார். முகத்தில் ரத்தம் இல்லை.

இறங்கும் அவசரத்தில் ஊறுகாயம்மாளை சீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

போனில் செய்தி கேட்டபோது வீரணன் கதறவில்லை. பழம் அரைபட்டது பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. "எந்த பஸ்?" என்று மட்டும் கேட்டார். அதே பஸ் சாயங்காலம் ஊர் வழியாகத்தான் திரும்பும். நேரத்துக்கு முன்பே குடையோடு ஓடிப்போய் நிறுத்தத்தில் நின்றார். மழை விடவே இல்லை. பஸ் வந்தது. ஏறினார். ஜன்னலோர சீட் காலியாக இருந்தது. குனிந்து, இரண்டு கையாலும் பதனமாக எடுத்தார். கண்டக்டர் விசில் கொடுக்காமல் அவர் இறங்கும்வரை காத்திருந்தார்.

வாசலில் அங்குத்தாய் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். கணவன் தெருவில் நடந்து வருவதைப் பார்த்தாள். குடை விரிந்திருந்தது. ஆனால் அது அவர் தலைக்கு மேலே இல்லை. இடுப்பு உயரத்தில், பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. அவர் தலையிலிருந்து கால்வரை தண்ணீர் சொட்டியது.

"குடையைக் கையில வச்சுக்கிட்டு ஏன் இப்படி நனைஞ்சு வாறீக?"

வீரணன் அவளை நம்ப முடியாமல் பார்த்தார்.

"குடை ஒண்ணுதான இருக்கு?"